அம்மாவின் நூறு ரூபாய்க் கட்டும், அவர் பேரில் இருந்த நாலு லட்சமும்

2019 போகி ராத்திரி. ஆம்பூரிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்த எங்க வீட்டுக்காரர் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் விழுந்துவிட்டார். வண்டியின் பின்னால் பொங்கலுக்கு வாங்கின கரும்பு, முன்னால் மஞ்சள் கொத்து. யார் இடித்தது என்று இன்றுவரை தெரியாது. வழியில் போன யாரோ நல்லவர்கள் ஆட்டோவில் ஏற்றி, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, அவர் சட்டைப் பையில் இருந்த விசிட்டிங் கார்டைப் பார்த்து அவர் கம்பெனிக்குப் போன் போட்டு, கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. சத்துவாச்சாரியிலிருந்து நான் போய்ச் சேரும்போது மணி பத்து. தொடை எலும்பு முறிந்து, வலிக்கு ஊசி போட்டு, அரை மயக்கத்தில் கிடந்தார். காலையில் ஆபரேஷன், இப்போது ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டுங்கள் என்றார்கள்.

எங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு எங்கள் குடும்பத்தின் சேமிப்பு நாலு லட்சத்துப் பத்தாயிரம். முழுக்க மியூச்சுவல் ஃபண்டில், அதிலும் பங்குச்சந்தைத் திட்டங்களில், அவர் பேரில் இருந்தது. சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிற பணத்துக்கு என்ன வட்டி வருகிறது, ஃபண்டில் போடலாம் என்று சொன்னதே நான்தான். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் சொன்னேன். கூட்டல் கழித்தலில் தப்பு இல்லை. அந்த ராத்திரி அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

ஃபண்டிலிருந்து பணம் எடுக்க ஓடிபி வேண்டும். ஓடிபி அவருடைய போனுக்கு வரும். போன் விழுந்த இடத்திலேயே எங்கேயோ போய்விட்டது, கிடைக்கவே இல்லை. நகல் சிம் வாங்க அவரே நேரில் போக வேண்டும். சரி, போன் இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பங்கு ஃபண்டை விற்றால் பணம் கணக்குக்கு வர மூன்று வேலை நாள். வருவதும் அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான். அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டை அவர் பர்சில் இருந்தது, ரகசிய எண் எனக்குத் தெரியாது. பொங்கல், மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் என்று மூன்று நாளும் வங்கி மூடல். என் சம்பளக் கணக்கில் பதினெட்டாயிரத்து சொச்சம். மருத்துவக் காப்பீடு அவர் கம்பெனியில் உண்டு, ஆனால் பணம் கட்டாமல் சேர்த்துக்கொள்ள அனுமதி வாங்குவதற்கு அட்டை நம்பர்கூட என்னிடம் இல்லை. (இரண்டு மாதம் கழித்து அதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அது வேறு விஷயம்.)

அம்மாவுக்குப் போன் போட்டேன். குடியாத்தத்தில் இருக்கிறாள். அப்பா கைலித் தறி ஓட்டினவர், அம்மா நாற்பது வருஷமாக பீடி சுற்றுகிறவள். என் அழுகையை ஒரு நிமிஷம் கேட்டாள்.

"எம்மாந் துட்டு கேக்குறாங்க?"

சொன்னேன்.

"அவ்ளோ இல்ல. இருக்கிறத எடுத்துக்கினு வர்றேன். நீ அழுவாத, அவருகிட்ட போய் நில்லு."

தம்பி வண்டி எடுத்தான். முப்பது கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி ஒரு மணிக்குள் வந்து நின்றார்கள். அம்மா மடியிலிருந்து மஞ்சப்பையை எடுத்தாள். உள்ளே அறுபத்திரண்டாயிரம். நூறு ரூபாய்க் கட்டு நாலு, மீதி இருநூறும் ஐந்நூறும். ரப்பர் பேண்டு இறுகிப் போய் நோட்டு நடுவில் வடு விழுந்திருந்தது. பீடி முறத்துக்கு அடியில் வைத்திருந்த பணம். கவுண்டரில் பிரித்தவுடன் புகையிலை வாசம் குப்பென்று வந்தது. டெட்டால் வாசத்துக்கு நடுவே எங்கள் பழைய வீட்டுத் திண்ணையின் வாசம்.

கேஷியர் பையன் எந்திரத்தில் போட்டான். நின்று நின்று போயிற்று. பழைய நூறு ரூபாய் நோட்டும், அதற்கு முந்தின வருஷம் வந்த ஊதா நிற நூறும் ஒரே அளவு இல்லை, புதுசு சின்னது. கலந்து போட்டால் எந்திரம் நிற்கிறது. அவன் முகம் சுளிக்காமல் பழசைத் தனியாக, புதுசைத் தனியாகப் பிரித்து எண்ணினான். நானும் தம்பியும் பக்கத்தில் நின்று பிரித்துக் கொடுத்தோம். நானூறு நோட்டு. என் சம்பளக் கணக்கிலிருந்து பதினெட்டு, தம்பி பத்து. தொண்ணூறாயிரம் கட்டினோம். மீதி முப்பதாயிரத்துக்கு, பொங்கல் அன்றைக்குக் காலையில் லாங்கு பஜார் பக்கம் ஒரு அடகுக் கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் பண்டிகைச் சட்டையோடு வந்து என் இரண்டு வளையலை எடை போட்டுப் பணம் கொடுத்தார். மாசம் இரண்டு வட்டி. பத்து மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போனார்கள். இன்றைக்கு நன்றாக நடக்கிறார், குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் வலி.

இதற்குப் பிறகுதான் அவசரப் பணத்தைப் பற்றி நான் கேட்கிற கேள்வியே மாறிப் போனது. முன்பெல்லாம் எவ்வளவு, எத்தனை சதவீதம் என்றுதான் பார்ப்பேன். இப்போது ஒவ்வொரு ரூபாயையும் பார்த்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, வங்கி மூடியிருக்கும்போது, அவர் படுக்கையில் கிடக்கும்போது, இது என் கைக்கு எத்தனை மணி நேரத்தில் வரும் என்று கேட்கிறேன். நான் கிடந்தால் அவர் கைக்கு வருமா என்றும் கேட்கிறேன்.

ஆபீசில் இதைச் சொன்னால் பெண்கள் நிறையப் பேர் "நாமினியா என் பேருதான் போட்டிருக்கு, பயமில்ல" என்கிறார்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்: நாமினி என்பது ஆள் போன பிறகு. ஆள் உயிரோடு ஐசியூவில் இருக்கும்போது நாமினிக்கு ஒரு ரூபாய்கூட எடுக்கும் உரிமை கிடையாது. அந்த நேரத்துக்கு உதவுவது கூட்டுக் கணக்கு மட்டும்தான், அதிலும் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்த கணக்கு. நாங்கள் அந்தப் பிப்ரவரியிலேயே மாற்றினோம். இரண்டு ஏடிஎம் அட்டை, இரண்டு போனிலும் தனித்தனியாகச் செயலி. ரகசிய எண்ணை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் தேவையே இல்லை.

வைப்புத்தொகையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கூட்டாகப் போட்ட டெபாசிட், முதிர்ந்த பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் நடுவில் உடைக்க இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று எங்கள் வங்கி மேலாளர் அம்மா சொன்னார். கையெழுத்துப் போட முடியாமல் ஒருவர் கிடக்கும்போதுதானே உடைக்க வேண்டியிருக்கும்! அதனால் டெபாசிட்டைப் பாதி என் பேரிலும் பாதி அவர் பேரிலும் தனித்தனியாகப் போட்டோம். ஒரே லட்சமாக இல்லாமல் இருபத்தைந்தாயிரமாக நாலு. தேவைக்கு ஒன்றை உடைத்தால் மற்ற மூன்றின் வட்டி கெடாது. முன்கூட்டி உடைப்பதற்கு அரை சதவீதமோ ஒரு சதவீதமோ வட்டியில் பிடிப்பார்கள், அவ்வளவுதான். அவரவர் செயலியிலேயே ராத்திரியிலும் உடைக்கலாம், பணம் அப்போதே கணக்குக்கு வந்துவிடும்.

எங்கள் வீட்டுச் செலவு இப்போது வாடகை, படிப்பு, மளிகை எல்லாம் சேர்த்து மாசம் முப்பத்திரண்டாயிரம் ஆகிறது. ஆறு மாசத்துக்கு இரண்டு லட்சம் என்று வைத்திருக்கிறோம். ஒரு லட்சம் அந்த நாலு டெபாசிட். அறுபதாயிரம் கூட்டுக் கணக்கில். பதினைந்தாயிரம் வேறொரு வங்கியில். வீட்டில் ரொக்கம் இருபத்தைந்தாயிரம்.

இந்த வீட்டு ரொக்கத்துக்கு அவரிடம் ஒப்புதல் வாங்கத்தான் ரொம்ப நாள் ஆனது. "சும்மா கிடந்தா அதோட மதிப்பு கரையுதே" என்பார். உண்மைதான். விலைவாசி வருஷத்துக்கு ஆறு சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், இருபத்தைந்தாயிரத்தில் ஆயிரத்து ஐந்நூறு கரைகிறது. மாசத்துக்கு நூற்றிருபத்தைந்து ரூபாய். எங்கள் அபார்ட்மெண்டில் வாட்ச்மேனுக்கு நான் கொடுக்கிற பங்கு இதைவிட அதிகம். ராத்திரி நிம்மதியாகத் தூங்க நூற்றிருபத்தைந்து ரூபாய் கொடுக்கிறேன், எனக்கு அது செலவாகத் தெரியவில்லை என்றேன்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அப்போது அவரே ஒப்புக்கொண்டார். வேலூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பாலாற்றில் தண்ணீரைப் பார்ப்பதே அதிசயம். மணலும் சீமைக்கருவேலமும்தான் அவர்களுக்குப் பாலாறு. அந்த வாரம் கரையைத் தொட்டு ஓடியது. எங்கள் தெருவில் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஏடிஎம் இருட்டாகக் கிடந்தது. பால்காரர், காய்க்காரம்மா யாரும் க்யூஆர் அட்டையை நீட்டவில்லை. வீட்டு ரொக்கம் வைத்திருந்த கவரிலிருந்து நூறு ரூபாய் நோட்டாக எடுத்துக் கொடுத்து ஓட்டினோம். பக்கத்து வீட்டுக்காரரும் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு போனார்.

அதற்காக எல்லாவற்றையும் ரொக்கமாக வைத்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். ரொக்கம் கைவிட்ட நாளையும் பார்த்திருக்கிறேன். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றபோது அம்மாவிடம் முப்பத்தெட்டாயிரம் இருந்தது, எல்லாம் ஐந்நூறு. யாருக்கும் தெரியாத பணம். பத்து நாள் எங்களிடமே சொல்லாமல் தனியாகப் போய் வரிசையில் நின்றிருக்கிறாள். மாற்றித் தருவது ஒரு ஆளுக்கு முதலில் நாலாயிரம், அப்புறம் நாலாயிரத்து ஐந்நூறு, அப்புறம் அதையும் இரண்டாயிரமாகக் குறைத்தார்கள். மீதியைக் கணக்கில் போட்டாள், எடுக்கப் போனால் வங்கியில் பணம் இல்லை. கையில் கொடுத்தது ஒரு ரோஸ் கலர் இரண்டாயிரம் நோட்டு. அதற்குக் குடியாத்தம் கடைத்தெருவில் யாரும் சில்லறை தரவில்லை. கையில் இரண்டாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு மூன்று நாள் கடனுக்கு அரிசி வாங்கினாள். அதிலிருந்துதான் நூறு ரூபாய்க் கட்டு. எங்கள் வீட்டுக்காரர் காலை நேராக்கிய பணம் அந்தத் தழும்பிலிருந்து வந்தது என்று நான் நினைப்பதுண்டு.

வங்கியும் அப்படித்தான். 2020 மார்ச் 5ஆம் தேதி யெஸ் வங்கி என்ற தனியார் வங்கியில் ஒரு ஆள் ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டது. இரண்டு வாரத்தில் நீங்கிவிட்டது, யாருக்கும் பணம் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் ஆபரேஷன் வைத்திருந்த குடும்பங்கள் இருந்திருக்கும் அல்லவா? அந்த வருஷம் பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு, அதற்கு முன்னால் அது ஒரு லட்சம்தான். காப்பீடு இருப்பதால் பணம் காணாமல் போகாது. நாளைக்குக் காலையில் வேண்டும் என்றால் காப்பீடு உதவாது. எங்கள் இரண்டாவது வங்கிக் கணக்கு அதற்குத்தான்.

பங்கு ஃபண்டை நான் இன்னும் விடவில்லை. மகள் மேல்படிப்புக்கு, எங்கள் வயசான காலத்துக்கு அதில்தான் போடுகிறோம். ஆனால் அவசரப் பணத்தை ஏன் அதில் வைக்கக் கூடாது என்பதற்கு, ஓடிபியைவிடப் பெரிய காரணத்தை 2020இல்தான் கண்ணால் பார்த்தேன். சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிற நிஃப்டி குறியீடு ஜனவரியில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். மார்ச் 23ஆம் தேதி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610இல் முடிந்தது. மறுநாள் ராத்திரி ஊரடங்கு. எங்கள் கம்பெனி தைக்கிற ஷூ எல்லாம் ஐரோப்பாவுக்குப் போவது. அங்கே கடை மூடினதும் ஆர்டர் நின்றது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் தொழிற்சாலைகளில் எந்திரம் நின்றது. ஏப்ரலில் எனக்கு அரைச் சம்பளம். பீஸ் கணக்கில் தைக்கிற பெண்களுக்கு அதுவும் இல்லை.

சம்பளத்தை நிறுத்திய அதே காற்றுதான் சந்தையையும் சாய்த்தது. ஃபண்டை எடுக்க வேண்டிய நாளும், ஃபண்டு பாதாளத்தில் கிடக்கிற நாளும் ஒரே நாளாகத்தான் வரும். தனித்தனியாக வருவதாக நினைத்துத்தான் நான் முன்பு கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் செக்‌ஷனில் ஒரு தம்பி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போட்டிருந்ததை ஏப்ரலில் தொண்ணூற்றைந்தாயிரத்துக்கு விற்றான். அந்த வருஷக் கடைசிக்குள் சந்தை பழைய இடத்தைத் தாண்டி ஏறிவிட்டது. அவனிடம்தான் ஃபண்டு இல்லை, விற்றுவிட்டானே. தப்பு செய்தான் என்று யாரும் அவனைச் சொல்ல முடியாது, வீட்டில் கைக்குழந்தை. எங்களுக்கு அந்த மாசம் இரண்டு டெபாசிட்டை உடைத்தால் போதுமாக இருந்தது. ஃபண்டைத் தொடவில்லை. அவசரப் பணம் தனியாக இருந்ததால்தான் முதலீடு பிழைத்தது. இதை அவரிடம் எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை.

லிக்விட் ஃபண்டு என்று ஒன்று இருக்கிறது, பங்கில் போடாமல் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடுகிற ஃபண்டு, அதில் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், பங்கு ஃபண்டு போல ஆடாது, விற்றால் பெரும்பாலும் மறு வேலை நாளே வந்துவிடும். சில திட்டங்களில் ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் வரை உடனே கொடுக்கிறார்கள். ஆனால் பேரில் கடன் ஃபண்டு என்று இருப்பதெல்லாம் இது இல்லை. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற ஃபண்டு கம்பெனி ஆறு கடன் திட்டங்களை ஒரேயடியாக நிறுத்தி வைத்தது. பணம் பிற்பாடு தவணை தவணையாக வந்தது, வருஷக்கணக்கில். கொஞ்சம் கூடுதல் வட்டிக்காக அவசரப் பணத்தை அங்கே வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வட்டி என்றதும் இன்னொன்று சொல்லாமல் முடியாது. லட்சம் போட்டால் மாசம் எட்டாயிரம், பத்தாயிரம் என்று ஒரு பேச்சு எங்கள் மாவட்டம் முழுக்க ஓடியது. மளிகைக் கடைக்காரர், வாத்தியார், போலீஸ்காரர் என்று யாரும் பாக்கி இல்லை. நகையை அடகு வைத்துப் போட்டார்கள். என் கூட வேலை செய்த அக்கா ஒருத்தி, வீட்டுக்காரர் இறந்து வந்த பணத்தில் மூன்று லட்சத்தைப் போட்டார். ஏழு மாசம் வந்தது. 2022இல் நின்றுபோனது. "அவசரத்துக்குன்னு வச்சிருந்த துட்டு பாப்பா அது" என்று கேண்டீனில் சாப்பிடாமல் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. இப்போது யாராவது மாசத்துக்கு இத்தனை என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறேன்.

நகையைப் பற்றி எனக்கு இன்னும் இரண்டு மனசு. அன்றைக்கு வளையல்தான் காப்பாற்றியது. ஆனால் கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தால்? அதனால் நகையைக் கடைசி வரிசையில் வைத்திருக்கிறேன், கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டு ரொக்கம் எங்கே இருக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். கரையானும் ஈரமும் போகாத பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. பதினைந்தாயிரம் ஐந்நூறாக, மீதி நூறும் இருநூறுமாக. கூடவே ஒரு தாளில் காப்பீட்டு அட்டை நம்பர், அந்தக் கம்பெனியின் போன் நம்பர், இரண்டு பேர் ரத்த வகை, தம்பி நம்பர், மகளின் கையெழுத்தில். போன் தொலைந்தால் தம்பி நம்பர்கூட எனக்கு மனப்பாடம் இல்லை என்பது அந்த ராத்திரிதான் தெரிந்தது. இன்னொரு விஷயமும் அதில் எழுதி வைத்திருக்கிறோம்: 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம். சாலை விபத்தானால், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்கிறது, ஒரு லட்சம் வரை என்று தொடங்கினார்கள். எங்களுக்கு நடந்தபோது அது இல்லை. உங்கள் ஊரில் எந்தெந்த மருத்துவமனை அதில் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு போகிக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது அந்தக் கவரையும் பிரித்து எண்ணுகிறேன். கிழிந்த நோட்டை மாற்றுகிறேன், தாளைப் புதுசாக எழுதச் சொல்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணித் தருவார்.

அம்மாவின் அறுபத்திரண்டாயிரத்தை அந்த வருஷம் மார்ச்சில் காப்பீட்டுப் பணம் வந்ததும் எடுத்துக்கொண்டு குடியாத்தம் போனேன். புது ஐந்நூறு ரூபாய்க் கட்டாக, வங்கி முத்திரைத் தாளோடு. முறத்தை மடியிலிருந்து இறக்காமலே வாங்கிப் பார்த்தாள். கட்டு ஒன்றை விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"இன்னாடி, எல்லாம் ஐந்நூறா கீது? போய் நாப்பதாயிரத்த நூறா மாத்திக்கினு வா. பேங்கு ரெண்டு மணிக்கு சோத்துக்கு மூடிடுவாங்க, சீக்கிரம் போ."

போனேன்.